அசல் பாகங்கள் மட்டும்

நாலு பேர் பொழுதுபோக்குக்காக ஓரிடத்தில் கூடினால் முதலில் காபி வரும், பிறகு விதிமுறை வரும், அதற்கப்புறம்… என்று என் பெரியப்பா ஏதோ சொல்வார். அதற்கப்புறம் என்ன வரும் என்றார் என்பது மறந்துவிட்டது. வெளியூர் வேலை முடிந்து சென்னை திரும்பியதும் மயிலாப்பூர் தொன்மைப் பந்தய சைக்கிள் ஆர்வலர் சங்கத்தில் சேர்ந்தேன். என் வண்டிக்கு வயது போதாததால் பார்வையாளர் உறுப்பினர் பதவி கிடைத்தது.

சங்கத்தின் தலையாய விதி இது: வண்டியின் எப்பாகமும் பிற்காலத்தில் மாற்றப்பட்டதாக இருத்தல் ஆகாது. டயருக்கு மட்டும் கருணை அடிப்படையில் விலக்கு உண்டு. அத்தகைய வண்டியை ஆண்டு உலாவில் பட்டினப்பாக்கம் கடற்கரை வரை ஓட்டிக் காட்டினால் 'அசல்' சான்றிதழ். உறுப்பினர்கள் தங்கள் வண்டிகளைக் காரில் ஏற்றி வந்து, கடைசி நூறடி தள்ளிக்கொண்டு வருவதே மரபாகிவிட்டதால், சான்றிதழ் இதுவரை யாருக்கும் வழங்கப்படவில்லை.

முதல் சான்றிதழைத் தான் வாங்கியே தீருவது என்று கிளம்பியவர் மந்தைவெளி பாண்டுரங்கன். ஓய்வுபெற்ற வங்கி மேலாளர். அவரிடம் எழுபத்து நாலாம் வருட இத்தாலிய வண்டி இருந்தது. பூப்போல எடை. பிரேக்கின் ரப்பர் கட்டை மட்டும் இறுகிக் கருங்கல்லாகி இருந்தது. பிடித்தால் சத்தம் வரும். வண்டி போய்க்கொண்டே இருக்கும்.

செயலாளர் குலாம் முகம்மதுவிடம் முறையிட்டார். "சார், பிரேக் பிடிக்கல."

"பிடிக்குதான்னு விதி கேக்கல பாண்டு. இருக்கான்னுதான் கேக்குது. இருக்கா?"

"இருக்கு."

"அப்புறம் என்ன?"

"புதுக் கட்டை போட்டுக்கவா?"

"போட்டுக்குங்க. அந்த வண்டில தாராளமா தி.நகர் வரைக்கும் போய்ட்டு வாங்க. சான்றிதழ் மட்டும் கேக்காதீங்க."

எனினும் உறுப்பினரின் பாதுகாப்பில் சங்கத்துக்கு அக்கறை உண்டு. நிறுத்தல் உபகுழு கூடியது. நிறுத்த இயலாத வண்டியை வந்துசேரும் இடத்தில் பிடித்துக்கொள்ளலாம் என்று பரிந்துரைத்தது. பட்டினப்பாக்கத்து மீனவர் ஆண்டனி 'கௌரவப் பிடிப்பாளர்' ஆனார்.

"வஞ்சிரம் புடிச்சிக்கீறேன், சுறா புடிச்சிக்கீறேன். மேனேஜர் புடிக்கறது இதான் சார் மொத தபா," என்று புது நைலான் வலையோடு வந்து நின்றார்.

செயலாளர் வலையைத் தடவிப் பார்த்தார். "இது எந்த வருஷம்?"

"போன மாசம் வாங்கினது சார்."

"செல்லாது. வண்டியின் காலத்துக்கு ஒத்த வலை வேணும்."

ஆண்டனி வீட்டுப் பரணிலிருந்து அவருடைய அப்பா காலத்து வலையை எடுத்துவந்தார். அதில் ஓட்டை போட்டிருந்த எலிகளும் அதே காலத்தவை போலும். உலா நாளன்று பாண்டுரங்கன் கம்பீரமாக வந்தார், வலைக்குள் நுழைந்தார், மறுபக்கம் வெளியே வந்தார், அந்தோணியம்மாளின் மீன் கடையில் நெத்திலிக் கூடைமேல் விழுந்தார்.

"யோவ்! கண்ணு இன்னா பொடனியிலயா கீது? பிரேக்கு இன்னாத்துக்கு வச்சிக்கீற?"

"அது பிடிக்கறதுக்கு இல்லம்மா. அசல்."

"அசலு நெத்திலி மேல படுத்துக்கினு அசலுன்றியே நைனா! எந்திரி மொதல்ல!"

செயற்குழு ஓடிவந்து வண்டியைப் பரிசோதித்தது. ஒரு கீறல் இல்லை. கைதட்டினார்கள். பாண்டுரங்கனும் தட்டினார். அப்புறம்தான் அவருடைய முன்பல் ஒன்றைக் காணவில்லை என்பது தெரிந்தது.

மறுநாள் அவரைப் பார்க்கப் போயிருந்தேன். செயலாளர் கோப்போடு வந்தார். "பல் கட்டப் போறீங்கன்னு கேள்விப்பட்டோம்."

"திங்கக்கிழமை. அடையாறு டாக்டர்."

"செயற்குழு நேத்து அவசரமா கூடி, விதியை ஓட்டுநருக்கும் நீட்டிச்சிருக்கு. எழுபத்து நாலு மாடல் வண்டிமேல இந்த வருஷத்துப் பல்லு உக்கார முடியாது இல்லையா?"

பாண்டுரங்கனுக்குக் கோபம் வந்தது. பல் போன இடத்தில் காற்று விசிலடித்தது. "அநியாயம் சார்! நம்ம சங்கத் தலைவருக்கு இதயத்துல ஸ்டென்ட் இருக்கு. உங்க ரெண்டு முட்டியும் புதுசு!"

"அதனாலதான் நாங்க வண்டி ஓட்டறதில்ல," என்றார் செயலாளர் பணிவாக. "நிர்வாகம் மட்டும் பாக்கறோம். சான்றிதழ் தயாரா இருக்கு. பல்லா, சான்றிதழான்னு நீங்களே சொல்லிடுங்க."

பாண்டுரங்கன் போனை எடுத்து, திங்கட்கிழமை வரவில்லை என்று டாக்டரிடம் சொன்னார்.