குனியாமலே கருத்துச் சொன்னவர்

உலகத்தில் உடற்பயிற்சி செய்கிறவர்கள் உண்டு, செய்யாதவர்கள் உண்டு. இந்த இரண்டு கூட்டத்திலும் சேராத மூன்றாவது இனம் ஒன்று இருக்கிறது: உடற்பயிற்சியை மேம்படுத்துகிறவர்கள். இவர்கள் குனிய மாட்டார்கள். மற்றவர்கள் எப்படிக் குனிய வேண்டும் என்று சொல்வார்கள்.

இந்த இனத்தைக் கண்டுபிடிக்கப் பூதக்கண்ணாடி வேண்டாம். கல்யாணப் பந்தியில் மூன்று தடவை ரசம் வாங்கிக் குடித்துவிட்டு, இலையை மடிக்குமுன் சமையல்காரரைக் கூப்பிட்டனுப்புவார் பாருங்கள், அவர்தான். கும்பாபிஷேகத்தில் ஊரே கலசத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்ளும்போது, சாரம் கட்டிய கயிற்றைப் பார்த்து உதட்டைப் பிதுக்கிக்கொண்டிருப்பார், அவரும்தான். 'தப்பா எடுத்துக்கப்படாது' என்று ஆரம்பிப்பார்கள்; நீங்கள் தப்பாக எடுத்துக்கொள்வதற்குள் நாலாவது யோசனைக்குப் போயிருப்பார்கள். யோசனை சொல்லும்போது மட்டும் தவறாமல் 'நாம்' என்பார்கள். 'நாம் இதைச் செய்யலாமே' என்றால், நீங்கள் செய்ய வேண்டும் என்று அர்த்தம். கெட்டவர்களா? சேச்சே. கெட்டவர்களாக இருந்தால் சமாளித்துவிடலாமே.

மாதிரிக்கு ஒருவரைப் பிடித்துப் பார்ப்போம். மாட்டுங்காவில் ஒரு பழைய கட்டடத்தின் நாலாவது மாடியில் இருக்கிற வேங்கடசுப்ரமணியன். வயது அறுபத்தெட்டு. ஃபோர்ட்டில் ஓர் ஆபீசில் முப்பத்துநாலு வருஷம் குப்பை கொட்டியவர். அங்கே அவர் சொந்தமாக ஒரு கடிதம் எழுதினார் என்பதற்குச் சான்று கிடையாது. ஆனால் மற்றவர்கள் எழுதிய கடிதங்களின் ஓரத்தில் அவர் பென்சிலால் எழுதிய திருத்தங்களை மட்டும் ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டிக்கொண்டே போனால், கல்யாண் ஸ்டேஷன் வரைக்கும் தண்டவாளத்தை மூடிவிடலாம். தன் கல்யாணத்தன்றே ஹோமப் புகை எந்தப் பக்கம் போனால் உசிதம் என்று வாத்தியாருக்கு யோசனை சொன்னவர். வாத்தியாரும் குண்டத்தைத் திருப்பி வைக்க, புகை நேராக நாதஸ்வரக்காரர் மூக்குக்குள் போக, தாலி ஏறும்போது கெட்டிமேளத்துக்குப் பதிலாக இருமல்தான் கேட்டது என்று அவர் மனைவி சுப்புலக்ஷ்மி மாமி இன்றைக்கும் சொல்வாள்.

ரிடையரான பிறகு அவருக்கு ஒரே ஒரு சொர்க்கம்தான். சாயங்காலம் ஐந்து மணிக்குப் பக்கத்துத் தோட்டத்துப் பெஞ்சு. அங்கே நாலு பென்ஷன்காரர்கள். நாலு ஜோடிக் காது. ரயில்வே டைம்டேபிள், வெங்காய விலை, வானிலை இலாகா எல்லாவற்றையும் அவர் அங்கேதான் மேம்படுத்துவார்.

இந்தச் சொர்க்கத்துக்குத்தான் ஆபத்து வந்தது. டிசம்பர் மாதம் சொசைட்டி நோட்டீஸ் ஒட்டியது: மார்ச் முதல் தேதியிலிருந்து லிஃப்ட் பந்த். பழசைக் கழற்றிப் புதுசு மாட்டப் பத்து வாரம் ஆகும். நாலு மாடிக்கு எழுபத்திரண்டு படி. ஒத்திகை பார்க்கிறேன் என்று ஏறிப்போன வேங்கடசுப்ரமணியனுக்கு முதல் மாடியிலேயே உலகம் மங்கலாகி, நாலு ஜோடிக் காதும் கண்ணுக்கு முன்னால் தோன்றி மறைந்தன. ஏற முடியாதவன் இறங்க முடியாது. பத்து வாரம்! வீட்டில் இருப்பது சுப்புலக்ஷ்மி ஒருத்தி. அவளுடைய காதுகள் நாற்பது வருஷத்துக்கு முன்பே காய்த்துப்போனவை.

வாஷியிலிருந்து பெண் வந்தனா போன் பண்ணினாள். "அப்பா, மாடி ஏற வேண்டியது கால். வாய் இல்லை. உங்களையும் அம்மாவையும் ஒரு கிளாஸ்ல சேத்து விட்டிருக்கேன். போனைத் திறந்து வெச்சுண்டு அவா சொல்றபடி பண்ணுங்கோ, போறும்."

அந்தக் கிளாசுக்குப் பெயர் 'ஆறுமணி அசைவு'. நடத்துகிறவள் பானுமதி, தாராவியில் ஒரு பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். காலை ஆறு மணிக்குப் போனை அரிசி டின்மேல் சாய்த்து வைத்து வீடியோ காலைத் திறப்பாள். தாராவி, செம்பூர், டிராம்பே என்று நாற்பத்தொரு வீடுகள் நாற்பத்தொரு கட்டங்களில் வந்து நிற்கும். அவள் 'குனி' என்பாள், குனிவார்கள். 'நிமிரு' என்பாள், நிமிர்வார்கள். ஆறரைக்கு முடித்துவிட்டு அவரவர் குழாயடிக்கும் அடுப்படிக்கும் ஸ்டேஷனுக்கும் ஓடிவிடுவார்கள். தத்துவம் கிடையாது, தட்சிணை கிடையாது.

வேங்கடசுப்ரமணியன் ஒரு நாள்கூடத் தவறாமல் ஆஜரானார். நாற்காலியில். மடியில் நோட்டுப் புத்தகத்தோடு. முதல் மாதத்தில் அவர் குனிந்தது இரண்டே தடவை. இரண்டும் பேனா மூடி கீழே விழுந்ததற்காக.

மாதக் கடைசியில் பானுமதி அந்தத் தப்பைச் செய்தாள். குரூப்பில் ஒரு படிவத்தை அனுப்பினாள். மூன்றே கேள்வி: எது நல்லா இருக்கு? எது கஷ்டமா இருக்கு? எதை மாத்தலாம்?

எல்லோரும் 'நல்லா இருக்கு' என்று எழுதிவிட்டுப் பிழைப்பைப் பார்க்கப் போனார்கள். தாராவியில் இட்லி அவித்து வியாபாரம் செய்கிற முப்பிடாதியம்மாள், எழுத நேரமில்லாமல், வாயாலேயே சொல்லி அனுப்பினாள்: "முட்டுவலி கொறஞ்சிருக்கு தாயீ. வேற என்ன வேணும்?"

வேங்கடசுப்ரமணியன் பதினோரு பக்கம் எழுதினார். பொருள், பார்வை எல்லாம் போட்டு, நாற்பத்தேழு யோசனைகள், உட்பிரிவுகள் தனி. இரண்டு நாள் கிளாசுக்கு வராமல் உட்கார்ந்து எழுதினார். பத்தொன்பதாவது யோசனை: குனிவதற்கு முன் எதற்காகக் குனிகிறோம் என்று உறுப்பினர்களுக்கு விளக்க வேண்டும். இருபத்துமூன்றாவது: குனிந்த பின் அவரவருக்குத் திருப்தியாக இருந்ததா என்று ஒவ்வொருவராகக் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். முப்பத்தொன்றாவது: இவற்றையெல்லாம் கவனிக்க ஒரு மேம்பாட்டுக் குழு வேண்டும்.

பானுமதி அதை முழுதாகப் படித்தாள். பாவம், விளையாட்டு டீச்சர். மைதானத்துக்கு வெளியே நின்று யார் கத்தினாலும் திரும்பிப் பார்த்துப் பழக்கம்.

"சார், எவ்வளவு மெனக்கெட்டு எழுதியிருக்கிய! ஒண்ணொண்ணா செஞ்சிருவோம் சார்."

"தப்பா எடுத்துக்கலையே?"

"அய்ய, அதெப்படி சார்! படிச்சவங்க சொல்லுதிய."

அன்றைக்கு வேங்கடசுப்ரமணியன் குடித்த காப்பிக்கு இருந்த ருசி, பிரமோஷன் வந்த அன்றைக்குக் குடித்ததில்கூட இல்லை.

அடுத்த வாரத்திலிருந்து கிளாஸ் மேம்பட்டது. ஆறு மணிக்கு வருகைப் பதிவு, ஆறு ஐந்துக்கு நேற்றைய கிளாசின் சுருக்கம், ஆறு பத்துக்கு இன்றைய கிளாசின் நோக்கம், ஆறே காலுக்கு நோக்கத்தின் மீது கருத்துகள். ஆறு இருபதுக்குக் கையைத் தூக்கினார்கள்.

தூக்கினார்கள், அவ்வளவுதான். அங்கே வேங்கடசுப்ரமணியன் குறுக்கிட்டார். கையைத் தூக்கும்போது உள்ளங்கை எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்பதில் தெளிவில்லை என்று எடுத்துச் சொன்னார். அவருடைய ஆபீஸ் அனுபவம் ஒன்றையும் சேர்த்துச் சொன்னார். அதற்கு ஒரு கிளைக் கதையும் இருந்தது.

திடீரென்று ஒரு கட்டத்திலிருந்து குரல் வெடித்தது. முப்பிடாதியம்மாள்.

"ஏட்டி பானு! கைய எறக்கவா, வேண்டாமா? ஏழு நிமிசமா தூக்கிட்டு நிக்கேன். போலீஸு புடிச்ச மாதிரில்லா இருக்கு!"

"அம்மா, இது நடைமுறை," என்றார் வேங்கடசுப்ரமணியன், பொறுமையாக.

"நடைமுறையா? எனக்கு அங்க இட்லிக் கொப்பரை கொதிச்சுக்கிட்டுக் கெடக்கு சாமி. நீங்க பேசி முடிச்ச பெறவு எறக்குததுன்னா, ஆறிப்போன இட்லிய நீங்களே வாங்கித் திங்கணும்."

நாற்பது கட்டங்களிலும் கை தூக்கியபடியே சிரிப்பு. வேங்கடசுப்ரமணியனுக்கு வருத்தமில்லை. நோட்டுப் புத்தகத்தில் குறித்துக்கொண்டார்: 'உறுப்பினர்களிடம் பொறுமை போதாது. இதற்கு ஒரு பயிற்சி தேவை.'

மேம்பாட்டுக் குழுவும் அமைந்தது. தலைவர் யார் என்று கேட்கவே வேண்டாம். உறுப்பினர் ஒரே ஒருவர், செம்பூர் பத்ரி. இந்தப் பத்ரி வாழ்நாளில் சொந்தமாக ஒரு கருத்துச் சொன்னதில்லை. யார் எதைச் சொன்னாலும் 'வழிமொழிகிறேன்' என்பார். ஒருமுறை பல் டாக்டர் 'இதைப் பிடுங்கிவிடலாம்' என்றதற்கும் வழிமொழிந்து, நல்ல பல்லை இழந்தவர் என்று கேள்வி. குழு எப்போது கூடுவது? எல்லோருக்கும் சௌகரியமான நேரம் எது என்று தலைவர் ஆராய்ந்தார். காலை ஆறு மணிக்குத்தான் அத்தனை பேரும் ஒன்றாக இருக்கிறார்கள் என்று தெரிந்தது. கிளாஸ் நேரத்திலேயே குழுவைக் கூட்டிவிட்டார்.

பிறகு கட்டங்கள் குறையத் தொடங்கின. நாற்பத்தொன்று இருபதாயிற்று. இருபது ஒன்பதாயிற்று. நெட்வொர்க் சரியில்லை என்றார்கள், மாமியாருக்கு உடம்பு சரியில்லை என்றார்கள், ஒருத்தர் தண்ணீர் வரும் நேரம் மாறிவிட்டது என்றார். வேங்கடசுப்ரமணியன் அசரவில்லை. கூட்டம் குறைகிறதென்றால் என்ன அர்த்தம்? மேம்பாடு போதவில்லை. முதல் படிவம் எப்படி இருந்தது என்று கருத்துக் கேட்டு ஒரு படிவம் தயாரித்தார். இரண்டு பதில் வந்தது. ஒன்று அவருடையது. மற்றது வழிமொழிந்தது.

பிப்ரவரி நடுவில் பானுமதியே போன் பண்ணினாள். குரலைத் தாழ்த்தி, "சார், எனக்குத் தொண்டை கட்டிக்கிட்டு. இந்தக் குரூப்ப நீங்களே பாத்துக்கிடுதியளா?" என்றாள்.

பார்த்துக்கொள்வதாவது! பிறந்ததே அதற்குத்தானே! அன்றிலிருந்து தினமும் ஆறு மணிக்கு இரண்டு கட்டங்கள். ஒன்றில் அவர், ஒன்றில் பத்ரி. அந்த நேரத்தில் அடுக்களையிலிருந்து மட்டும் தொம் தொம் என்று சத்தம் வரும்.

"கார்த்தால வேளைல என்ன இடிக்கறே?" என்று கேட்டார்.

"ஒண்ணுமில்லேன்னா, நீங்க பேசுங்கோ," என்றாள் மாமி, மூச்சிரைக்காமல்.

மார்ச் முதல் தேதி வந்தது. லிஃப்டைக் கழற்றிக்கொண்டு போனார்கள். வேங்கடசுப்ரமணியன் கைத்தடியோடு படியில் இறங்கினார். இறங்குவதற்கு யார் தயவும் வேண்டாம், பூமியே இழுத்துக்கொள்கிறது. பெஞ்சில் உட்கார்ந்து, ஓர் உடற்பயிற்சிக் குழுவைத் தாம் எப்படித் தூக்கி நிறுத்தினார் என்று நாலு பேருக்கும் ஒன்றரை மணி நேரம் சொன்னார். திரும்பி வந்தார். வாட்ச்மேன், "சாப், லிஃப்ட் பந்த் ஹை," என்றான். "மாலூம் ஹை," என்று, தெரியாதா என்ன என்கிற கம்பீரத்தோடு சொல்லிவிட்டு ஏறினார்.

முப்பத்தோராவது படியில் உட்கார்ந்தார்.

உட்கார்ந்தாரா, கால் உட்கார்த்திவிட்டதா என்று சொல்ல முடியாது. சட்டை நனைந்து முதுகோடு ஒட்டிக்கொண்டது. கண்ணுக்கு முன்னால் பூச்சி பறந்தது. அப்போதும் பாருங்கள், படிகளின் உயரம் ஒரே சீராக இல்லை, சொசைட்டி செக்ரெட்டரிக்கு எழுத வேண்டும் என்றுதான் தோன்றியது. கீழேயிருந்து சுப்புலக்ஷ்மி மாமி வந்தாள். ஒரு கையில் அரைப் பூசணிக்காய், மறு கையில் காய்கறிப் பை, பைக்கு மேல் முருங்கைக்காய்.

"ஏன்னா, இங்கயே உக்காந்துட்டேளா?"

"படி... சரியில்லை. உயரம்..."

"எனக்கும் இதே படிதானே?"

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். அவளுக்கு வேர்க்கக்கூட இல்லை.

"நீ எப்படி?"

"தெனம் குனியறேன்."

"எங்கே?"

"அடுக்களைல. பானுவோட. முப்பத்தொம்பது பேர் இருக்கோம்."

சிறிது நேரம் அவர் ஒன்றும் சொல்லவில்லை. கல்யாணமான நாளிலிருந்து இவ்வளவு நீளமான மௌனத்தை மாமி கேட்டதில்லை. பயந்துபோய்ப் பூசணிக்காயைக் கீழே வைத்துவிட்டுத் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். அவர் அதை வாங்காமல் போனை எடுத்தார்.

"பானுமதி! உன் தொண்டை?"

"சரியாயிட்டு சார். நீங்க எங்க இருக்கிய?"

"முப்பத்தோராவது படியில். நீ வேறே குரூப் வெச்சிருக்கியாமே?"

அவள் மெதுவாகச் சொன்னாள்: "ஒங்க குரூப்ப ஒண்ணுமே செய்யலை சார். நீங்க மேம்படுத்தினபடியே அப்படியே இருக்கு. நாங்கதான் வேற எடத்துக்கு வந்துட்டோம். வெள்ளன எந்திரிச்சு வாறது குனியுததுக்குத்தான சார்?"

"என்னையும் சேத்துக்கோ."

"சேத்துக்கிடுதேன். ஒரே கட்டுப்பாடு சார். யாருக்கும் மைக் கெடையாது. எழுதி அனுப்பவும் முடியாது."

வேங்கடசுப்ரமணியன் போனை வைத்தார். மீதி நாற்பத்தொரு படியை, மூன்று இடத்தில் உட்கார்ந்து, மாமியின் தோளைப் பிடித்துக்கொண்டு ஏறி முடிக்க முக்கால் மணி ஆயிற்று. வாயைக் கொடுத்துக் காலை வாங்குவதா? நாலு நாள் முடியாது என்று இருந்தார். நாலு நாளும் பெஞ்சு இல்லை. பால்காரனிடம் பசுவின் தீனியைப் பற்றிப் பேசினார். அவன் பாக்கெட்டை வைத்துவிட்டு ஓடினான். ஜன்னல் காக்காய்க்குக் கூடு கட்டுவது பற்றிச் சொன்னார். அதுவும் பறந்து போயிற்று.

ஐந்தாம் நாள் காலை ஆறு மணிக்கு அடுக்களைக்குப் போனார். மாமி ஒன்றும் கேட்காமல் தள்ளி நின்று இடம் விட்டாள். போனில் பானுமதி 'குனி' என்றாள். வேங்கடசுப்ரமணியன் தொண்டையைக் கனைத்து, குனிவதைப் பற்றி ஒரு யோசனை சொன்னார். யாருக்கும் கேட்கவில்லை. இன்னொன்று சொன்னார். முப்பத்தொன்பது முதுகுகள் வளைந்து நிமிர்ந்தன. மூன்றாவதைப் பாதியில் விட்டார். பத்ரிகூடப் பக்கத்தில் இல்லை. அதற்கு மேல் செய்வதற்கு வேறு ஒன்றும் இல்லாததால், குனிந்தார்.

விரல் நுனி முழங்காலைத் தாண்டி நாலு விரற்கடை போயிற்று. மாமி பார்த்தாள். கருத்துச் சொல்லவில்லை.

இந்த இனத்துக்கு இதற்கு மேல் மருந்து கிடையாது. அறிகுறி மட்டும் சொல்லலாம். படித்துக்கொண்டு வரும்போது, பத்ரியை இன்னும் கொஞ்சம் வளர்த்திருக்கலாமே என்று நினைத்தீர்களா? வேங்கடசுப்ரமணியன் நாலாவது மாடிக்குத் தனியாக ஏறுவதையும் காட்டியிருக்கலாமே என்று தோன்றிற்றா? நியாயமான யோசனைதான். தாராளமாக எழுதி அனுப்புங்கள். அதற்கு முன்னால் ஒரு தடவை எழுந்து நின்று, முழங்காலை மடக்காமல், உங்கள் கால் கட்டைவிரலைத் தொட்டுவிட்டு வாருங்கள்.

என்ன, இன்னும் உட்கார்ந்திருக்கிறீர்களே?