பொட்டலம் பிரித்த நாற்பது நிமிடம்

உலகத்தில் கருணைக்கென்று ஒரு கட்டடம் உண்டென்றால் அது எங்கள் ஆறு மாடி அலுவலகம்தான். அடைக்கலம் கேட்டு வந்த எந்த விண்ணப்பத்தையும் நாங்கள் நிராகரித்ததே கிடையாது. பிரித்தால்தானே நிராகரிக்க!

அப்பேர்ப்பட்ட எங்களைப் போன செவ்வாய்க்கிழமை ஒரு தையல்காரர் சந்திக்கு இழுத்துவிட்டார். ஏதோ ஊர்வலத்துக்குக் கொடி தைத்துக் கொடுத்தாராம். அவர் நாட்டில் கண்டதும் சுட உத்தரவாம். தப்பித்துப் பக்கத்து நாட்டு முகாமில் இருந்தவரை, அடுத்த வாரம் திருப்பி அனுப்பப் போகிறார்களாம். இதற்கெல்லாமா ஒரு மனுஷன் பொறுமை இழப்பது? மனைவியோடு பயணிகள் விமானத்தில் ஏறி, ஒரு துணிப் பொட்டலத்தைத் தூக்கிக் காட்டி, "குண்டு!" என்று மிரட்டி, எங்கள் நாட்டு ஓடுபாதையில் இறக்கவைத்துவிட்டார்.

துணை இயக்குநர் என்ற முறையில் விமானத்தோடு வயர்லெஸ்ஸில் நானே பேசினேன்.

"யாருய்யா நீ?"

"எட்டு வருஷமா உங்களுக்கு எழுதிக்கிட்டு இருக்கேன் சார்."

"விண்ணப்ப எண்?"

பெற்ற பிள்ளையின் பெயர் போலத் தடுமாறாமல் சொன்னார். கணினியில் தட்டினேன். 'பரிசீலனையில் உள்ளது.' பார்த்தீர்களா, தொலையவில்லை! எனக்கே பெருமையாக இருந்தது.

"பொட்டலத்துல என்ன இருக்கு?"

"பிரிச்சுப் பாருங்க சார். அது போதும். எல்லாரையும் இறக்கி விட்டுடறேன்."

சொன்னபடி நூற்றுப் பன்னிரண்டு பயணிகளையும் இறக்கிவிட்டார். அவர் மனைவி படிக்கட்டில் நின்று, "மன்னிச்சுக்குங்கம்மா, மன்னிச்சுக்குங்கய்யா" என்று ஒவ்வொருவராக வழியனுப்பினாராம். கடத்தல் தொழிலுக்கே இழுக்கு!

எங்கள் வெடிகுண்டு நிபுணர் தலைக்கவசம், கையுறை சகிதம் பொட்டலத்தைப் பிரித்தார். உள்ளே முப்பது பக்கம் காகிதம். எங்களுக்கு அனுப்பிய விண்ணப்பத்தின் நகல். சங்கேத மொழியாக இருக்குமோ என்று ஒரு வரி விடாமல் படித்தார். நாற்பது நிமிடம். வெளியே வந்து கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"குண்டு இல்ல சார். ஆனா இந்த ஆளைத் திருப்பி அனுப்பினா கொன்னுடுவாங்க சார்."

"அது உங்க துறை இல்லையே?"

அவசரக் கூட்டம் கூடினோம். விண்ணப்பதாரர் அடைக்கலத்துக்கு முழுத் தகுதி உடையவர் என்று ஒரு மனதாக முடிவு செய்தோம். விமானம் கடத்தியவருக்கு அடைக்கலம் இல்லை என்பதையும் அதே ஒரு மனதோடு முடிவு செய்தோம். அதே விமானத்தில் ஜன்னலோர இருக்கை கொடுத்து இருவரையும் அவர்கள் நாட்டுக்கே அனுப்பினோம்.

ஏறும்போது அந்தம்மா என்னைப் பார்த்துக் கேட்டார்: "ஐயா, படிச்சீங்களா?"

"ஒரு எழுத்து விடலம்மா."

"அப்புறம் ஏன்யா அனுப்பறீங்க?"

விண்ணப்பத்தையே நாங்கள் படித்த பிறகும் கேள்வி கேட்கிறார்கள். என்ன ஜனங்களோ!

நாலாம் நாள் தகவல் வந்தது. அவர் எழுதியிருந்தபடியே விமான நிலைய வாசலில் நடந்து முடிந்திருந்தது. விண்ணப்பம் நூற்றுக்கு நூறு உண்மை என்று நிரூபணமாகிவிட்டதால், கோப்பை மூடினோம்.

எங்கள் நிலவறையில் இதே மாதிரி இன்னும் நாற்பதாயிரம் கட்டுகள் இருக்கின்றன. பொதுமக்கள் பாதுகாப்பு கருதி உடனே சுற்றறிக்கை அனுப்பினேன்: 'வெடிகுண்டு நிபுணர் முன்னிலையில் அன்றி எந்தக் கட்டையும் பிரிக்கக் கூடாது.'

எங்களிடம் இருந்தவர் ஒரே நிபுணர்தான். அன்று மாலையே அவரை வேறு ஊருக்கு மாற்றிவிட்டேன்.