குடிமாறி அண்ணன் அம்பூரியைப் புகழ்ந்த நாள்

அன்றைக்கு எங்கள் ஜங்ஷனில் இருந்தவர்கள் ஏழு பேர். தையல் கடையில் மேஸ்திரியும் நானும். எதிரே டீக்கடையில் தங்கையன். அம்பூரியிலிருந்து ஜீப்பில் வந்த ஒரு பெரியவர், அவரோடு ஓர் இளைஞர், டிரைவர். ஏழாவதாகக் குடிமாறி அண்ணன். ஓர் ஆடும் நின்றது, அதைச் சேர்க்கவில்லை. இதை முதலிலேயே சொல்வதற்குக் காரணம், இப்போது எல்லையோரப் பாறசாலைப் பக்கம் யாரைக் கேட்டாலும் "அன்னைக்கு நானும் அங்க உண்டும்லா" என்கிறார்கள். பொய். ஏழே பேர்தான்.

குடிமாறி அண்ணனைப் போல் சொந்த ஊரை ஏசிய மனிதர் பூமியில் வேறு இருக்க வழியில்லை. கொப்பரை வியாபாரம் அவருக்கு; அது மத்தியானத்துக்கு மேல். காலையில் தங்கையன் கடை பெஞ்சில் உட்கார்ந்து ஊரை ஏசுவதுதான் முதல் ஜோலி. எங்கள் ஊர் மழைக்கு அறிவில்லை. எங்கள் ஊர் கரண்டில் பல்பு எரிந்தால், எரிகிறதா என்று பார்க்க இன்னொரு பல்பு வேண்டும். எங்கள் ஊர்க் காக்கா இருக்கிறதே, அது கூட வடையைத் தூக்கிக்கொண்டு பறக்காதாம். அங்கேயே உட்கார்ந்து தின்று, ஏப்பம் விட்டு, நடந்துதான் போகுமாம்.

"திருவந்தரத்துக்காரனுக்கு நாம பாண்டி. நாகர்கோயில்காரனுக்கு நாம மலையாளத்தான். ரெண்டு வீட்டுக்கும் மருமவனாக்கும் நாம. ரெண்டு வீட்டுலயும் எல போடமாட்டான். இந்த ஊர்ல மனுஷன் இருப்பானாலே? அடுத்த மாசம் நான் குடி மாறிப் போறேன்."

அப்படி வந்ததுதான் பெயர். சொந்தப் பெயர் ரேஷன் கடைக்காரருக்கு மட்டும் தெரியும்.

ஒருமுறை நிஜமாகவே கிளம்பினார். கட்டில், அண்டா, மனைவி எல்லாவற்றையும் வாடகை டெம்போவில் ஏற்றியாகிவிட்டது. நாங்கள் கைகூடக் காட்டிவிட்டோம். டெம்போக்காரன் நெய்யாற்றின்கரை ஆள். வண்டி கால்வாய்த் திருப்பத்தைத் தாண்டும்போது, மரியாதைக்கு ஒரு வார்த்தை பேசுவோம் என்று, "நன்னாயி சேட்டா. இதொக்க ஒரு நாடாணோ?" என்று மலையாளத்தில் சொன்னானாம், நல்லதாப் போச்சு, இதெல்லாம் ஓர் ஊரா என்று. அவ்வளவுதான். "வண்டியத் திருப்புலே!" என்று கேட்ட அலறலில் அண்டாவே ஒருமுறை அதிர்ந்ததாக அவர் மனைவி பிறகு சொன்னார்.

தேர்தலுக்கு ஓட்டுக் கேட்டு வந்த ஒருவர், "பின்தங்கிய இந்தப் பகுதியை முன்னேற்றுவேன்" என்று சொல்லி வாய் மூடவில்லை. "பின்தங்கின பகுதியா? உனக்கு யாருலே சொன்னா?" என்று அண்ணன் பாய்ந்துவிட்டார். உண்மையில் முந்தின நாள் அதே பெஞ்சில் அதைச் சொன்னவர் அவரேதான்.

இவையெல்லாம் எங்களுக்குத் தமாஷாகத்தான் இருந்தன, என் அக்கா கல்யாணம் குறுக்கே வரும்வரை.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. பெண் பார்க்க வருவதற்கு முன்னால் மாப்பிள்ளை வீட்டு ஆண்கள் சொல்லாமல் கொள்ளாமல் ஜங்ஷனில் வந்து இறங்குவார்கள். டீ குடிக்கிற மாதிரிக் குடித்துக்கொண்டே, அந்தக் குடும்பம் எப்படி, பெண்பிள்ளை எப்படி என்று விசாரிப்பார்கள். ஜங்ஷனில் தேறினால்தான் வீட்டுப் படி ஏறுவார்கள். ஏற்கெனவே ஒரு கூட்டத்தார் அப்படி வந்து அண்ணனிடம் மாட்டினார்கள். "பிள்ள தங்கமாக்கும். ஊருதான் கேடு" என்று தொடங்கியவர் ஒரு மணி நேரம் நிறுத்தவில்லை. அவர்கள் எங்கள் வீட்டுப் பக்கம் தலைவைக்காமலே பஸ் ஏறிவிட்டார்கள். அக்காவுக்கு அப்போது இருபத்தெட்டு வயது. அம்மா அதற்குப் பிறகு கோயிலுக்குப் போகும்போதும் ஜங்ஷனைச் சுற்றிக்கொண்டு போவாள்.

ஆகையால், அம்பூரியிலிருந்து ஆள் வரப்போகிறது என்று தரகர் ரகசியமாகச் சொன்னதும் எனக்குத் தையல் ஓடவில்லை. நான் எட்டாம் வகுப்போடு நிறுத்தியவன். பயப்படுவதில் மட்டும் மேல்படிப்பு வரை போயிருக்கிறேன். மேஸ்திரியிடம் அழாத குறையாகச் சொன்னேன். அவர் யோசித்து, அண்ணனைக் கூப்பிட்டார்.

"ஓய், நெய்யாற்றின்கரை போய் எனக்கு நல்ல பித்தான் வாங்கித் தாரும். இங்கத்த கடையில கொள்ளாது."

ஊரைக் குறை சொல்லிக் கேட்டால் அண்ணன் எதையும் செய்வார், சொல்கிறவர் உள்ளூர்க்காரராக இருக்கும் பட்சத்தில். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து பஸ்ஸுக்கு நின்றார். பஸ் வரவில்லை. அடுத்த பஸ்ஸும் வரவில்லை. ஜீப்தான் வந்தது. நேரே அண்ணன் முன்னாலேயே நின்றது.

நான் தைத்துக்கொண்டிருந்த ஜாக்கெட்டின் கையை மூடித் தைத்துவிட்டேன்.

பெரியவர் இறங்கினார். மாப்பிள்ளையின் தாய்மாமன், ரப்பர் தோட்டக்காரர். "செல்லப்பனுக்க வீடு இங்கதானா?"

செல்லப்பன் என்பது எங்கள் அப்பா.

"பிள்ளய விசாரிக்க வந்தியளா? வாருங்க, இரியுங்க. எலே தங்கையா, சாயா போடு." அண்ணன் பெஞ்சில் இடம் தட்டிக் கொடுத்தார். "பிள்ள தங்கமாக்கும். வாய்ச்சத்தம் வெளிய கேக்காது. தம்பி ஒருத்தன் உண்டு, அந்தா தையல் கடையில. பயம் கூடுதல், மத்தபடி நல்லவன்."

எனக்கு மூச்சு வந்தது.

"ஆனா ஊரு உண்டே…" என்று தொடங்கினார்.

மூச்சு நின்றது. ரோடு, கரண்டு, கிணற்றுத் தண்ணீர் என்று வரிசையாக வந்தன. பெரியவர் தலையாட்டிக் கேட்டார். நல்ல மனிதர். சாயா வாங்கித் தருகிறவர் சொல்வதை ஆமோதிப்பதுதானே மரியாதை?

"செரியாக்கும். ரோடு வரும்போ கண்டேன். மோசம்தான். இங்க மனுஷன் எப்பிடி இருக்கான்?"

தங்கையன் சாயா அடிப்பதை நிறுத்தினார். ஒரு கையில் இருந்த பாத்திரம் மேலேயே நின்றது.

"என்ன சொன்னீரு?"

"நீரு சொன்னதத்தான்."

"நான் சொல்லலாம்! நான் இங்க அம்பத்தொரு மழ நனஞ்சவன். நீரு ஒரு மழ நனஞ்சீரா? அம்பூரியில அட்ட கடிச்சு ரெத்தம் வத்திப்போன மனுஷன், எங்க ஊரக் குற்றம் சொல்ல வந்துட்டீரு! குன்னுமேல நாலு ரப்பர் நட்டா அது ஊராவுமா?"

பெரியவர் சாயாவைத் தொடவில்லை. "ஏறுலே வண்டியில" என்று இளைஞரிடம் சொன்னார். ஜீப் உறுமியது.

நான் கழுத்தில் அளவு நாடாவோடு வெளியே ஓடினேன். வாயில் "அண்ணா… அக்கா…" என்று மட்டும் வந்தது.

அண்ணன் என் முகத்தைப் பார்த்தார். பிறகு ஒரு ஓட்டம். ஐம்பது தாண்டிய மனிதர், வெள்ளைச் சட்டையோடு, ஜீப்புக்கு முன்னால் கையை விரித்து நின்றார்.

"அம்பூரி…" என்றார். "அம்பூரி நல்ல ஊராக்கும்."

மேஸ்திரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

பெரியவர் ஜீப்பிலிருந்தபடியே கேட்டார். "எதுல நல்லது?"

"காத்து."

"வேற?"

"தண்ணி."

"வேற?"

அண்ணன் கால்வாய்ப் பக்கம் ஒருமுறை பார்த்தார். "மனுஷங்க. எங்க ஊரக்காட்டிலும் நல்ல மனுஷங்க. எங்க பிள்ளய அங்க அனுப்புயதுக்கு எங்களுக்குச் சந்தோஷமாக்கும்."

பெரியவர் இறங்கிவிட்டார். சிரிப்பை அடக்கிக்கொண்டு பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். ஆறிய சாயாவை மாற்றச் சொன்னார்.

"நான் அங்க இருந்து அம்பூரிய ஏசாத நாள் இல்ல ஓய். காட்டுப் பன்னி மரச்சீனிக் கெழங்கத் தோண்டித் தின்னுது. பஸ்ஸு பாதி மல ஏறி இளைச்சு நிக்குது. அது ஒரு ஊரா?"

நாங்கள் எல்லோரும் அண்ணன் வாயையே பார்த்தோம். இதைவிட நல்ல சந்தர்ப்பம் அவருக்கு ஆயுளில் கிடைக்காது.

"அத நீரு சொல்லலாம்" என்றார் அண்ணன் மெதுவாக. "நான் சொல்லமாட்டேன்."

அக்காவின் கல்யாணம் அந்த மாசமே நிச்சயமாயிற்று. வீட்டில் அம்மா முதல்முறையாகக் குடிமாறி அண்ணனுக்குப் பாயசம் கொடுத்தனுப்பினாள். நான்தான் கொண்டுபோனேன். மனிதர் பெஞ்சில் ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்தார். ஜீப் வந்த நாளிலிருந்தே அப்படித்தான் என்று தங்கையன் சைகை காட்டினார். பல்பைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாதாம். காக்கா வந்தால் பார்ப்பதுகூட இல்லையாம்.

"என்ன அண்ணா, மேலுக்குச் சுகமில்லியா?"

"அதொண்ணும் இல்ல மக்கா." பாத்திரத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். "தங்கையன் கேட்டான், மேஸ்திரி கேட்டாரு. அது போவட்டும், மனுஷங்கதானே. ஊரு கேட்டிருக்குமே."

நான் சிரிக்கத்தான் போனேன். அவர் சிரிக்கவில்லை.

"அக்காவுக்கு வேண்டிச் சொன்னதுன்னு ஊருக்குத் தெரியும் அண்ணா."

அவர் ரோட்டைப் பார்த்தார். தென்னைகளைப் பார்த்தார். பிறகு, டாக்டரிடம் கேட்கிற மாதிரி என்னிடம் கேட்டார்.

"தெரியுமா மக்கா?"

"தெரியும்" என்றேன். என் வாழ்க்கையில் பயமில்லாமல் நான் சொன்ன ஒரே பதில் அதுதான்.