தாஃபுனாவின் பெயரில் ஒரு வைஃபை

கர்த்தருக்குள் அன்பான மைத்துனன் யோசேஃபாவுக்கு, சமோவாவின் சவாயித் தீவிலிருந்து அத்தான் பெனியாமினா எழுதுவது. ஆக்லாந்தில் நீயும் பிள்ளைகளும் சுகமாக இருக்க ஜெபிக்கிறோம். இங்கு எல்லோரும் சுகம், உன் அக்கா ஃபெத்துவின் இடது கால் தவிர.

இதை ஃபோனில் சொல்லியிருக்கலாமே என்பாய். வைஃபைக்கு நான் போட்ட பூட்டில் என் ஃபோனும் வெளியே மாட்டிக்கொண்டது. ஃபெத்துவின் டேப்லெட் ஒன்றுதான் உள்ளே இருக்கிறது. டாக்டர் வரும் வழி அது, தொடவே பயமாக இருக்கிறது.

நீ அனுப்பிய வைஃபை பெட்டி எதற்காக வந்ததென்று உனக்கே தெரியும். செவ்வாய்தோறும் தலைநகர் ஆப்பியாவிலிருந்து டாக்டரம்மா திரையில் வந்து ஃபெத்துவின் கால் புண்ணைப் பார்க்க வேண்டும். ஆனால் தூண்கள் மட்டும் நிற்கும், சுவரே இல்லாத நம் சமோவா வீட்டில் பாஸ்வேர்டை மட்டும் எங்கே ஒளிப்பது? தங்கச்சி மகன் கேட்டான், கொடுத்தேன். சொந்தக்காரன் கேட்டால் இல்லையென்று சொல்ல நம் ஊரில் யாருக்கு வாய் வரும்? சாயங்காலம் ரக்பி டீம் முழுக்க நம் புல்தரையில் படுத்துக்கொண்டு படம் பார்த்தது. பாஸ்வேர்டை மாற்றினேன். போதகர் கேட்டார், அவருக்கும் இல்லையென்று சொல்ல முடியுமா? ஞாயிற்றுக்கிழமை காணிக்கைக் கணக்கோடு சேர்த்து அதையும் வாசித்தார், பின்வரிசைக்குக் கேட்கவில்லையோ என்று இரண்டாவது தடவையும் வாசித்தார். அந்தச் செவ்வாய் டாக்டரம்மாவின் படம் வாயைத் திறந்தபடியே நின்றுவிட்டது. எங்கள் படமும் அங்கே அப்படித்தான் நின்றிருக்கிறது. "போன வாரம் மாதிரியேதான் இருக்கு, பரவால்லையே" என்றார். அவர் பார்த்ததே போன வாரத்துக் கால்தானோ என்னவோ.

யாரும் கைவைக்கத் துணியாத பெயராக வை என்று நீ சொன்னதால் என் அப்பாவின் குடும்பத்தலைவர் பட்டமான தாஃபுனா என்பதையே வைஃபைக்கு வைத்திருந்தேன். எவனும் மதிக்கவில்லை. சரி, யார் ஃபோனிலும் பெயரே கண்ணில் படாமல் மறைத்துவிடுவோம் என்று மறைத்தேன். மறுநாளே ஊர்ச்சபை என்னைக் கூப்பிட்டது.

"ஏம்பா, ஊரெல்லாம் தேடிட்டோம், தாஃபுனா பேரைக் காணோமே. பெத்த அப்பன் பேரை நீயே அழிச்சிட்டியா?" என்றார் தலைவர் தோமாசி.

"அழிக்கலீங்க ஐயா, மறைச்சுதான் வச்சிருக்கேன்."

"எதுக்கு மறைக்கணும்? அவரு என்ன திருடனா?"

ஒரு பெட்டி மீன் டின் அபராதம். பாதியைச் சபையிலேயே உடைத்துச் சாப்பிட்டார்கள், எனக்கும் ஒரு தட்டு கொடுத்தார்கள். வயிறு எரிய எரிய நானும் சாப்பிட்டேன். வீட்டுக்கு வந்த வேகத்தில், பதிவு செய்த சாதனம் தவிர எதுவும் நுழையாதபடி பூட்டினேன். புல்தரை காலியாகிவிட்டது. கூடவே, தினமும் ஃபெத்துவுக்கு டாரோக் கிழங்கு அவித்துக் கொண்டுவந்த பக்கத்து வீட்டு சியானாவும் வருவதில்லை. "காசில்லாம குடுக்கறதைக்கூடப் பூட்டுறவன் வீட்டுல நமக்கென்ன வேலை" என்றாளாம். சொன்னால் சொல்லட்டும். எனக்குக் கால்தான் முக்கியம். ஆகவே மைத்துனா, என் ஃபோன் மட்டும் உள்ளே வந்து ஊர் வெளியே நிற்க வழி எழுது. இதைவிடக் கெட்டியான பெட்டி கிடைத்தால் உடனே அனுப்பு.

ஆண்டவர் உன் வீட்டையும் வேலையையும் காப்பாராக. பிள்ளைகளுக்கு என் முத்தங்கள்.

இப்படிக்கு,
அத்தான் பெனியாமினா

பின்குறிப்பு: கவரை ஒட்டிவிட்டுப் பிரித்து எழுதுகிறேன். இன்று செவ்வாய். படம் ஒருமுறைகூட நிற்கவில்லை, கண்ணாடி போலத் தெளிவாக இருந்தது. டாக்டரம்மா டேப்லெட்டைப் புண்ணுக்குக் கிட்டே கொண்டுவரச் சொன்னார். காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட வேண்டும், வெள்ளிக்கிழமைக்குள் ஆப்பியாவுக்குக் கப்பலேறி வரச் சொல்கிறார்.

ஃபெத்து அழவில்லை. "அந்தப் பூட்டை எடுங்க. கால் போறப்பகூட நம்மள யாரும் பாக்க வரமாட்டாங்களா?" என்றாள்.

பூட்டை எடுத்துவிட்டேன். பாஸ்வேர்டும் இல்லை. ஊரே உள்ளே வந்துவிட்டதால் என் ஃபோனில் உன்னைப் பிடிக்க முடியவில்லை. சியானா ஃபெத்துவின் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், தோமாசி துறைமுகத்துக்கு வண்டி கொண்டுவரப் போயிருக்கிறார். யோசேஃபா, பெட்டி வேண்டாம். நீ வா.