வடை போட்டு வழியனுப்பிய ஆமை

ஒரு காட்டில் (வழக்கமான அதே காடுதான், சிங்கம் உண்டு, நரி உண்டு, புதிதாக ஒரு செல்போன் கோபுரம் மட்டும் முளைத்திருந்தது) கச்சபேசன் என்றோர் ஆமை இருந்தார்.

'இருந்தது' என்றுதான் எழுத வேண்டும். ஆனால் நாற்பது வருஷம் வேலை பார்த்தவரை அது, இது என்று எழுதினால் ஓய்வூதியர் சங்கத்தில் கண்டனக் கூட்டம் போடுவார்கள். எதற்கு வம்பு?

காட்டின் நடுவே பெரிய குளம். இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு முயல், அணில், கீரி என்று யார் வந்தாலும் முதுகில் ஏற்றிக்கொண்டு போய் இறக்கிவிடுவதுதான் கச்சபேசனுக்கு உத்தியோகம். ஏறுகிறவர்கள் சும்மா ஏறுவார்களா?

"கொஞ்சம் வேகமாப் போப்பா, முகூர்த்தத்துக்கு நேரமாச்சு."

"ஆடாம போப்பா, பையில ஊறுகா இருக்கு."

"முதுகு ஏன்யா இப்படி வழுக்குது? துடைச்சு வைக்கக் கூடாதா?"

கச்சபேசன் தன் பாட்டுக்கு நீந்துவார். ஆனால் ஓய்வு பெற்ற அன்று, படித்துறையில் ஒற்றைக்காலில் நின்றுகொண்டிருந்த தன் சிநேகிதர் மாசிலாமணிக் கொக்கிடம் ஒரே ஒரு ஆசையைச் சொன்னார்.

"இத்தனை காலம் எல்லாரையும் நான் சுமந்தாச்சு ஓய். இனிமே என்னை யாராவது சுமக்கட்டும்."

கொக்கு மீனைப் பார்த்துக்கொண்டிருந்தது. புதருக்குள்ளிருந்த நரி கேட்டுவிட்டது.

மறுநாள் காலை நரி குணாளன் கழுத்தில் டையோடு, குளக்கரையில் கச்சபேசன் குடியிருந்த குட்டைக்கே வந்து நின்றது.

"குட் மார்னிங் அங்கிள்! ரெண்டே நிமிஷம் அங்கிள்! வாழ்க்கையில நீங்க எல்லாருக்கும் எல்லாம் செஞ்சுட்டீங்க. உங்களுக்கு என்ன செஞ்சுக்கிட்டீங்க?"

"காலையில கொஞ்சம் பாசி தின்னேன்."

"அதான் அங்கிள் பிரச்சினை! எங்க 'சொர்க்கராணி' சொகுசுக் கப்பல்ல வந்து ரிட்டயர் ஆகுங்க. சமையல் இல்ல, பாத்திரம் இல்ல, கரண்ட் கட் இல்ல. எழுந்தா படுக்கை மடிக்க ஆள். உட்கார்ந்தா விசிற ஆள். இருமினா டாக்டர். கண் முழிச்சா ஒரு நாடு, கண் அசந்தா இன்னொரு நாடு!"

"முதியோர் இல்லம் மாதிரியா?"

"ஐயையோ, அந்த வார்த்தையே வேணாம் அங்கிள். அங்க தாத்தா பாட்டியே கிடையாது. எல்லாரும் கெஸ்ட்."

"எனக்கு நல்லா நீந்தத் தெரியும்ப்பா. எனக்கு எதுக்குக் கப்பல்?"

"கால் இருக்கிறவங்கதானே அங்கிள் கார் வாங்குறாங்க?"

கச்சபேசன் தன் நாலு காலையும் ஒருமுறை பார்த்துக்கொண்டார். நாற்பது வருஷத்தில் இப்படியொரு கேள்வியை யாரும் அவரிடம் கேட்டதில்லை.

விலை ஒன்றும் பெரிதில்லை. அவருடைய குட்டை மட்டும்தான். தாமரை, சேறு, வெயில் காய்கிற அந்த வழவழப்பான பாறை எல்லாம் சேர்த்து.

"உயிரோட இருக்கிற வரைக்கும் கேபின் உங்களுது, குட்டை எங்களுது."

"நான் சீக்கிரம் செத்துட்டா?"

"நீங்க ஆமை அங்கிள். நஷ்டம் எங்களுக்குத்தான்" என்று சொல்லி நரி கண்ணைத் துடைத்துக்கொண்டது. அந்தக் கண்ணீரைப் பார்த்துத்தான் கச்சபேசன் கையெழுத்தே போட்டார்.

விஷயம் காடெங்கும் பரவியது. அந்தக் காட்டில் ஒரு பழக்கம். ஒருவர் ஊரில் இருக்கும்வரை ஏன் இருக்கிறார் என்று யாரும் கேட்கமாட்டார்கள். கிளம்புகிறார் என்று தெரிந்தால் போதும், பந்தல் போட்டுவிடுவார்கள். படித்துறை முழுக்க பிளக்ஸ். 'உலகை வலம் வரப் புறப்படும் ஓடுடைய செல்வரே!' என்று ஒன்று. 'கடல் கடந்த காடே!' என்று இன்னொன்று. அதற்கு என்ன அர்த்தம் என்று எழுதிய கரடிக்கே தெரியாது. மான்கள் மாலை போட்டன. குரங்குகள் பொன்னாடை போர்த்தின. ஓடு வழுக்கி நழுவி விழ விழ, திரும்பத் திரும்பப் போர்த்தி ஒவ்வொரு தடவையும் புகைப்படம் எடுத்துக்கொண்டன.

பிறகு சிங்கம் மைக்கைப் பிடித்தது.

"அவையோருக்கு வணக்கம். நேரமின்மை காரணமாகச் சுருக்கமாகப் பேசுகிறேன்" என்று ஆரம்பித்து வெயில் சாயும்வரை பேசியது. "கச்சபேசன் போனால் இந்தப் படித்துறைக்கு ஏது வாழ்வு? அவர் இடத்தை நிரப்ப யாரால் முடியும்?" என்று தேம்பித் தேம்பி அழுதது. அழுது முடித்த கையோடு, அந்த இடத்தைத் தன்னோடு படித்த முதலையைக் கொண்டு நிரப்பியது. படித்துறைக்குக் கச்சபேசன் பெயரை வைத்தார்கள். சிலையும் திறந்தார்கள். கடைசியில் வடை போட்டார்கள். நல்ல மொறுமொறு உளுந்து வடை. அது கச்சபேசனின் சொந்தச் செலவு.

வடை தின்ற வாயோடு காடே கரையில் நின்று கையசைத்தது. கப்பல் ஒரு பெரிய ஊளையிட்டுக் கிளம்பி மலைக்குப் பின்னால் மறைந்தது.

கப்பலில் நரி சொன்னதெல்லாம் உண்மை. பொய்யே இல்லை. படுக்கை மடித்தார்கள், விசிறினார்கள், இருமுவதற்கு முன்பே டாக்டர் வந்தார். சாப்பாட்டுக் கூடத்தில் பாசியிலேயே அத்தனை ரகம்: பாசி சூப், பாசி பிரியாணி, பாசி அல்வா. தன்னை ஒருவர் சுமந்து போகிறார் என்ற சுகத்தில் கச்சபேசன் தலையை ஓட்டுக்கு வெளியே நீட்டி முதல் முறையாகக் குறட்டை விட்டார்.

நீச்சல் குளம்கூட இருந்தது. வாசலில் பலகை: 'காலணி, தொப்பி, ஓடு ஆகியவற்றைக் கழற்றி வைத்துவிட்டு இறங்கவும்.' கச்சபேசன் பலகையை ஒருமுறை படித்தார், தன்னை ஒருமுறை பார்த்துக்கொண்டார், திரும்பிவிட்டார்.

கேப்டன் வாத்து மூக்கால் அறிவித்தது: "பயணிகள் கனிவான கவனத்திற்கு. உங்கள் வலது கைப்பக்கம் தெரிவது ஸ்விட்சர்லாந்து."

கச்சபேசன் எட்டிப் பார்த்தார். படித்துறை. ஒற்றைக்காலில் மாசிலாமணி. பக்கத்தில் மாலை போட்ட அவருடைய சிலை.

கண்ணைக் கசக்கிக்கொண்டு பக்கத்து நாற்காலிக்காரியைப் பார்த்தார். அந்த அம்மாள் ஒரு பெருச்சாளி, பெயர் செண்பகவல்லி. வளையை நரியிடம் கொடுத்துவிட்டு அவருக்கு முன்பே கப்பலேறியவர்.

"அம்மா, அது நம்ம ஊர்ப் படித்துறைதானே?"

"மெதுவாப் பேசுங்க. பின்ன என்ன, இந்தக் குளத்தை விட்டா இந்தக் கப்பலுக்குப் போறதுக்கு வேற தண்ணி ஏது? சுத்திச் சுத்தி இதேதான்."

"உங்களுக்குத் தெரியுமா?"

"எல்லாருக்கும் தெரியும். அதோ பாருங்க, அந்தப் பாறையில வத்தல் காயப்போடுறாளே, அவ என் மருமக. காலையிலதான் அவகிட்ட போன்ல, 'இங்க ஒரே பனிம்மா, கையெல்லாம் விறைக்குது'ன்னு சொன்னேன். உப்பு கம்மியாப் போட்டிருக்கா பாருங்க, இங்கிருந்தே தெரியுது."

"அப்போ இறங்கிப் போயிட வேண்டியதுதானே?"

செண்பகவல்லி அவரை ஏற இறங்கப் பார்த்தார். "உங்களுக்கு வடை போட்டாங்களா இல்லையா?"

"போட்டாங்க."

"அப்புறம் எந்த முகத்தை வெச்சுக்கிட்டு இறங்குவீங்க?"

கச்சபேசன் தன் குட்டையைத் தேடினார். தாமரை இருந்த இடத்தில் மண்ணைக் கொட்டி நிரவி, 'அமைதியான சூழலில் வீட்டுமனைகள்' என்று பலகை நட்டிருந்தார்கள். அவர் வெயில் காய்ந்த பாறையை மட்டும் விட்டு வைத்திருந்தார்கள், விளம்பரத்துக்கு. அன்று பாசி அல்வா இறங்கவில்லை. நாற்காலியில் சாய்ந்தால் முதுகு வேறு குறுகுறுத்தது. பாரம் இல்லாத முதுகு அவருக்குப் பழக்கமில்லை.

மறுநாள் மதியம், கப்பலே உண்ட மயக்கத்தில் கிடந்தபோது, கச்சபேசன் 'தொப்'பென்று தண்ணீரில் குதித்தார். படித்துறையில் தலை நீட்டினார்.

கொக்கு திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "என்ன ஓய், உலகம் அவ்வளவு சின்னதாயிடுச்சா?"

"மாசிலாமணி, நான் வந்துடறேன் ஓய். பழைய வேலையே போதும். முதலை எப்படிப் பண்றான்?"

"ஏத்துறதுல ஒரு குறையும் இல்ல. சிரிச்ச முகமா ஏத்துறான். அந்தக் கரையிலதான் யாரும் இறங்க மாட்டேங்கிறாங்க."

"ஐயோ! சிங்கத்துக்கிட்ட சொல்லலையா?"

"சொன்னோம். 'கச்சபேசன் இருந்தா இப்படி ஆகுமா'ன்னு அழுதுச்சு."

"அதான் நான் வந்துட்டேனே!"

"நீ எப்படி வர முடியும்?" கொக்கு இப்போதுதான் திரும்பியது. "உனக்குத்தான் விழா நடந்துடுச்சே ஓய்! இவ்வளவு பெரிய சிலையை எங்க கொண்டுபோய் வைக்கிறது? சிங்கம் அழுத அழுகைக்கு யார் பதில் சொல்றது? அதைவிட, அந்தக் கப்பல்ல இடம் கேட்டுப் பாதிக் காடு வளையை எழுதிக் கொடுத்துட்டு வரிசையில நிக்குது. அது குளத்தைத்தான் சுத்துதுன்னு நீ வந்து சொன்னா, உன்னை நம்புவாங்களா, உதைப்பாங்களா?"

கச்சபேசன் வந்த வழியே நீந்தினார். நனைந்த முதுகோடு அவர் மேல்தளத்துக்கு ஏறியபோது செண்பகவல்லி காத்துக்கொண்டிருந்தார்.

"கரைக்குத்தானே? நாளைக்கு என்னையும் கூட்டிட்டுப் போங்க. பாறைக்குப் பின்னால ஒளிஞ்சு நின்னு அந்த வத்தலை ஒரு தடவை கிட்ட இருந்து பார்த்துட்டு வந்துடறேன்."

போனார்கள். அடுத்த நாள் இன்னும் நாலு பேர் சேர்ந்துகொண்டார்கள். நரிக்கு விஷயம் தெரிந்தது. கோபித்துக்கொண்டதா? நரியைப் பற்றி என்ன நினைத்தீர்கள்! உடனே அறிவிப்பு வந்தது: "பயணிகள் கனிவான கவனத்திற்கு. இன்று முதல் மதியம் தோறும் 'அசல் கிராமிய அனுபவம்', கரைச் சுற்றுலா. பேக்கேஜில் சேராது. கட்டணம் தனி. அடையாளம் தெரியாமலிருக்கக் கறுப்புக் கண்ணாடி இலவசம்." சுமக்கிற வேலை கச்சபேசனுக்கு. சம்பளமா? அவர் கெஸ்ட் அல்லவா, கெஸ்ட்டுக்கு யாராவது சம்பளம் கொடுப்பார்களா?

கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்திறங்கியவர்களுக்குக் காட்டில் ராஜ மரியாதை. வெளிநாட்டார் வந்திருக்கிறார்களே! ஆரத்தி எடுத்தார்கள், பொட்டு வைத்தார்கள். முதலைகூட எழுந்து நின்று வணக்கம் சொன்னது. வெளிநாட்டாரைக் கடித்தால் பேப்பரில் வந்துவிடும் என்று சிங்கம் சொல்லி வைத்திருந்தது. இதைப் பார்த்த உள்ளூர் அணில்களும் முயல்களும் ஆளுக்கொரு கறுப்புக் கண்ணாடி வாங்கிக்கொண்டு, "யெஸ், யெஸ்" என்றபடி கச்சபேசன் முதுகிலேறி பத்திரமாக அந்தக் கரைக்குப் போய் வர ஆரம்பித்தன. ஏறி உட்கார்ந்ததும் பழையபடி திட்டின: "வேகமாப் போப்பா! முதுகு ஏன்யா இப்படி வழுக்குது?"

கச்சபேசன் முதுகில் குறுகுறுப்பு நின்றுவிட்டது.

செண்பகவல்லி கண்ணாடியோடு மருமகளின் பாறைக்குப் போனார். மருமகள் ஓடி வந்து நாற்காலி போட்டாள், மோர் கொடுத்தாள், "மேடம், இன்னும் கொஞ்சம் எடுத்துக்கோங்க மேடம்" என்று வத்தலை வறுத்து வைத்தாள்.

"உப்பு கம்மி" என்றார் செண்பகவல்லி.

"கரெக்டா சொல்லிட்டீங்க மேடம்! நாளைக்கே சரி பண்ணிடறேன்."

திரும்பும்போது கச்சபேசன் முதுகில் உட்கார்ந்து செண்பகவல்லி விசும்பினார். "மாமியாரா இருந்தப்போ ஒருநாள் இப்படிச் சொன்னதில்ல சார் அவ. இனிமே நான் செத்தாலும் ஊருக்குத் திரும்ப மாட்டேன். தினமும் வந்துட்டுப் போறேன்."

அன்றைக்குக் கடைசி நடையில் கச்சபேசனும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கரையேறினார். கொக்கு மீன்பிடிப்பை விட்டுவிட்டு வழிகாட்டி ஆகியிருந்தது. சிலைக்கு முன்னால் கூட்டத்தை நிறுத்தி விளக்கிக்கொண்டிருந்தது.

"இவர்தான் கச்சபேசன். நாற்பது வருஷம் எல்லாரையும் சுமந்தார். இப்போ வெளிநாட்டுக் கப்பல்ல கால்மேல கால் போட்டுக்கிட்டு சொகுசா இருக்கார்."

கச்சபேசன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு சிலையை அண்ணாந்து பார்த்தார். அவர் முதுகில் இரண்டு முயல்கள் ஏற்கெனவே ஏறி உட்கார்ந்து, "கிளம்பலாமாப்பா?" என்று உதைத்துக்கொண்டிருந்தன.

"கொடுத்து வெச்சவன்" என்றார் கச்சபேசன், பொறாமையோடு.

நீதி: ஓய்வு பெற்றபின் எங்கே வேண்டுமானாலும் போய் இருங்கள், வழியனுப்பு விழாவில் வடை மட்டும் போட்டுவிடாதீர்கள், தின்றவர்கள் உங்களைத் திரும்பி வர விடமாட்டார்கள். தவறிப்போய் போட்டுவிட்டால், உடனே ஒரு கறுப்புக் கண்ணாடி வாங்கிக்கொள்ளுங்கள்.