எலுமிச்சை அண்ணனின் முன்சீட்

புது வண்டிக்கு எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கியவர்கள் இந்த உலகத்தில் கோடிப் பேர் இருப்பார்கள். செத்த வண்டிக்கு வைத்தவர் ஒரே ஒருவர்தான். அவரோடு வேலை பார்க்கும் கொடுப்பினை எனக்கு வாய்த்தது.

நாங்கள் வேலை பார்ப்பது காரைக்காலில் ஓர் இரும்பு உருக்கும் ஆலையில். பழைய வண்டிகளில் இரும்பை உருவியபின் சீட் பஞ்சு, ரப்பர், பிளாஸ்டிக் என்று ஒரு மலை மிஞ்சும். அதைத் துண்டாக்கி உலையில் எரித்தால் நிலக்கரிச் செலவு மிச்சம். ஈரமாக உள்ளே போனால் சூடு இறங்கிவிடும். அதனால் தொட்டுப் பார்த்து, சோதித்து அனுப்புவது என் வேலை. அள்ளிப் போடுவது எலுமிச்சை அண்ணன் வேலை. அவரோ ஒவ்வொரு குவியல்மேலும் ஒரு பழத்தை வைத்து மிதித்துவிட்டுத்தான் அள்ளுவார்.

“அண்ணே, நான் ஈரத்தைத் தொரத்துறேன், நீங்க சாறு புழிஞ்சு வுடுறீங்களே.”

“வர்றப்ப மரியாதை பண்ணுனோம்ல தங்கச்சி? போறப்ப சும்மா அனுப்புனா அது என்ன நெனைக்கும்?”

“அது பஞ்சுண்ணே. ஒண்ணும் நெனைக்காது.”

“மெதுவா பேசுங்க. காதுல வுழுந்துடப் போவுது.”

கேன்டீனில் எலுமிச்சை சாதம் நின்றுபோனதற்கு அவர்தான் காரணம் என்று சமையல்காரர் இன்றும் சாதிக்கிறார்.

அண்ணன் வேலை தேடி வந்தவர் இல்லை. மீன் வேன் ஓட்டியவர். முதலாளி அதை உடைக்கக் கொடுத்தபோது எங்களிடம் ஓட்டிக்கொண்டு வந்தார், அப்படியே தங்கிவிட்டார். அந்த வேனில், அவருக்கு இடப்பக்கத்து முன்சீட்டில், மடியில் கூடையோடு அம்பகரத்தூர் வரை போய் மீன் விற்றவர் அவர் மனைவி. அந்த அம்மா போய்ச் சேர்ந்த பிறகு மிஞ்சியது அந்தச் சீட்தான். அதை மட்டும் தார்ப்பாய் சுற்றி, குவியலுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தார்.

பரம ரகசியம். ஆனால் மீன் வாசத்துக்கு ஊர்ப் பூனையெல்லாம் வந்து அதன்மேல் படுத்துக்கொண்டன. “அங்க என்ன பூனை மாநாடு?” என்று யாராவது கேட்டால், “எலி புடிக்க வச்சிருக்கேன்” என்பார் முகம் மாறாமல். அந்தப் பூனைகள் எலியைக் கண்டால் நகர்ந்து இடம் கொடுக்கும்.

போன ஐப்பசி மழையில் குவியல் மொத்தமும் ஊறிவிட்டது. “காஞ்சது எதுவா இருந்தாலும் கொண்டாங்க” என்று சூப்பர்வைசர் எல்லாரையும் விரட்டினார். அண்ணன் போய்ப் பூனைகளை ஒவ்வொன்றாக இறக்கிவிட்டு, சீட்டைத் தார்ப்பாயோடு தூக்கி வந்து என் முன்னால் பிரித்து வைத்தார்.

“எல்லார் வண்டியையும் போட்டேன். என்னோடத மட்டும் ஒளிச்சு வச்சா நியாயமா, தங்கச்சி?”

சட்டைப்பையிலிருந்து பழத்தை எடுத்துச் சீட்மேல் வைத்தார். மிதிக்க மனம் வரவில்லை, கையாலேயே நசுக்கினார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

தொட்டுப் பார்த்தேன். அத்தனை மழையிலும் சொட்டு நீர் படாமல் காத்து வைத்திருந்தார். நடுவில் கொஞ்சம் எலுமிச்சைச் சாறு மட்டும்.

“ஈரம்ண்ணே. உலைக்கு ஆவாது.”

“எங்க தங்கச்சி ஈரம்?”

“சாறு புழிஞ்சிருக்கீங்களே.”

சூப்பர்வைசர் என்னைப் பார்த்தார், வரிசையாக வந்து நின்ற பூனைகளைப் பார்த்தார். “ஈரம்னா வேணாம்ப்பா” என்று நிலக்கரியைக் கூட்டிப் போடச் சொல்லிவிட்டுப் போனார்.

சீட் இப்போது என் அறை வாசலில் இருக்கிறது. பூனைகளும் குடிவந்துவிட்டன, என் மதியச் சாப்பாட்டுக்குப் பாதுகாப்பு இல்லை. டீ நேரத்துக்கு அண்ணன் வருவார். சீட்டில் உட்காரமாட்டார். அதற்கு வலப்பக்கம் ஸ்டூலை இழுத்துப் போட்டு, நேரே ரோட்டைப் பார்த்தபடி டீ குடிப்பார். அந்த நேரத்தில் நானும் பூனைகளும் அவரைத் தொந்தரவு செய்வதில்லை.