பட்டுக்குப் பால் குடித்த குட்டி

காஞ்சிபுரத்தில் வௌவாலைக் கண்டு யாரும் பயப்படுவதில்லை. வவ்வால் பாயைக் கண்டால்தான் பயம். அவர் சட்டைக்குள் எது தொங்குகிறது என்பது அவருக்கும் அல்லாவுக்கும் மட்டுமே தெரியும்.

நான் புடவை விற்கும் பட்டுக்கடைக்குப் பக்கத்தில் அவருக்கு ஒரு குடை ரிப்பேர் கடை. அது பெயருக்குத்தான். அடிபட்ட வௌவால்களை எடுத்துத் தேற்றி, ஊருக்குக் கிழக்கே இருக்கும் சரணாலயத்தில் ஒப்படைப்பதுதான் முழுநேர வேலை. குடைக்கும் வௌவாலுக்கும் அவர் வித்தியாசம் பார்த்ததில்லை. "இறக்கை ஒடிஞ்சிக்கினு வந்திருக்குது பா" என்பார். எட்டிப் பார்த்தால் குடை. "கம்பி வளஞ்சிருக்குது" என்பார், பார்த்தால் வௌவால்.

ஒருமுறை ஒரு வௌவால் நோயாளியை இருட்டுக்காகக் குடைக்குள் தூங்கவைத்தவர், மறந்துபோய் அந்தக் குடையையே ஒரு டீச்சரம்மாவிடம் கொடுத்தனுப்பிவிட்டார். அந்த அம்மா பஸ் ஸ்டாண்டில் மழைக்கு விரித்தார். அலறிய அலறலில் புறப்பட்ட பஸ் நின்றுவிட்டது. ஞாபகம் வந்து பின்னாலேயே ஓடிவந்த பாய் டீச்சரைத் திரும்பியும் பார்க்காமல், "ஐயோ, புள்ள நனஞ்சிடுச்சா?" என்றார்.

போன வருஷம், கோயில் மரத்து வௌவால் ஒன்று சப்போட்டா மரத்துக்குப் போட்ட வலையில் சிக்கிச் செத்தது. அதன் மார்பில் ஒரு குட்டி உயிரோடு ஒட்டிக்கொண்டிருந்தது. பாய் கையுறை மாட்டிக்கொண்டு எடுத்துவந்தார். எதையாவது பற்றிக்கொண்டால்தான் அதற்குப் பால் இறங்கும். பருத்தித் துணி கொடுத்தார், முகத்தைத் திருப்பிக்கொண்டது. நைலான் கொடுத்தார், தொடவில்லை. எங்கள் கடையில் வெட்டிப்போட்ட பட்டுத் துண்டைச் சுற்றினார். மடக் மடக்கென்று குடித்தது.

"காஞ்சிபுரத்துல பொறந்த புள்ள பா!" என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். எங்கள் முதலாளி, அசல் பட்டுக்கு அந்தக் குட்டியையே சாட்சியாகக் கடையில் உட்காரவைக்கலாமா என்று யோசித்தார்.

அது தானாகவே வந்து உட்கார்ந்தது. முகூர்த்தப் புடவை எடுக்க வந்த ஒரு சம்பந்தியம்மாவின் முந்தானையில், பாய் சட்டையிலிருந்து தாவி ஒட்டிக்கொண்டு தூங்கிவிட்டது.

"அசையாதீங்கமா, இப்பதான் கண்ண மூடிச்சி" என்றார் பாய்.

அந்த அம்மா மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த நேரத்தில், பேரம் பேச ஆளில்லாமல் நான் நாலு புடவை விற்றேன்.

அப்புறம் சரணாலயத்து டாக்டரம்மா போன் செய்தார். "பட்டை விட்டுட்டு மத்த வௌவாலோட தொங்கப் பழகணும் பாய். இல்லன்னா ஆயுசுக்கும் பறக்காது. உடனே கொண்டு வாங்க."

பாய் கொண்டுபோகவில்லை. ஒருநாள் மழை என்றார். ஒருநாள் குட்டிக்குத் தும்மல் என்றார். ஒரு திங்கட்கிழமை, "இன்னிக்கு கிழக்கே சூலம் பா" என்றார்.

"உங்களுக்கு ஏது பாய் சூலம்?"

"எனக்கு இல்ல பா, அதுக்கு. கோயில் மரத்துப் புள்ளயாச்சே!"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "அது பறக்கணுமா, உங்க சட்டைக்குள்ளயே கிழடாகணுமா?" என்று கேட்டேன். மறுநாள் இருவரும் பஸ் ஏறினோம்.

சரணாலயத்தில் பெரிய வலைக்கூண்டு. உச்சியில் வரிசையாக வௌவால்கள். குட்டி பட்டை விடுவதாக இல்லை. டாக்டரம்மா பட்டோடு சேர்த்து அதை வலையில் தொங்கவிட்டு, "நீங்க நிக்கிற வரைக்கும் அது நகராது பாய், வெளிய வாங்க" என்றார்.

பாய் வெளியே வந்து கூண்டுக்கு முதுகைக் காட்டி நின்றார். "போச்சா பா? நீயே பாத்து சொல்லு."

குட்டி ஒரு காலை எடுத்து வலையில் வைத்தது. ரொம்ப நேரம் கழித்து இன்னொரு காலை எடுத்தது. மெல்ல நகர்ந்து ஒரு பெரிய வௌவாலின் பக்கத்தில் போய்த் தொங்கியது. அந்தப் பெரியது இறக்கையை விரித்து இடம் கொடுத்தது.

"போயிடுச்சி பாய்."

"நல்லா தொங்குதா?"

"ஜோரா தொங்குது."

தலையை ஆட்டிக்கொண்டார். திரும்பிப் பார்க்கவில்லை.

வரும்போது பஸ் பிரேக் போட்டபோதெல்லாம் பாயின் கை சட்டென்று போய் நெஞ்சைப் பொத்திக்கொண்டது. அங்கே ஒன்றுமில்லை என்று அவருக்கும் தெரியும். ஊர் நெருங்கும்போது டிரைவர் பலமாக ஒரு பிரேக் போட்டார். அந்தத் தடவை முந்திக்கொண்டு அவர் நெஞ்சைப் பொத்தியது என் கை.